சோர்வு எழுதும் தீர்ப்பு

சென்னை மந்தைவெளியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ராஜா அண்ணாமலைபுரம் பார்க் வியூ சாலையில், சிநேகா என்ற தொண்டு நிறுவனம் இயங்கிவருகிறது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கியது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடு தவிப்பவர்கள் 044-24640050 என்ற எண்ணில் அங்கே கூப்பிட்டுப் பேசலாம். எதிர்முனையில் இருப்பவர் பயிற்சி பெற்ற தன்னார்வலர். பேசுகிறவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. என்ன படிப்பு, எங்கே வேலை, என்ன சம்பளம், எந்தச் சாதி, கல்யாணம் ஆகிவிட்டதா என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. புத்திமதியும் கிடையாது. சொல்வதைக் கேட்பார்கள். லண்டனில் 1953-ல் சாட் வாரா என்ற பாதிரியார் சமாரிட்டன்ஸ் அமைப்பின் மூலம் தொடங்கிவைத்த வழி இது.

வெறுமனே கேட்பதால் என்ன ஆகிவிடப்போகிறது என்று தோன்றலாம். எனக்கு அது மிகப் பெரிய காரியமாகப் படுகிறது. எந்தத் தகுதியையும் காட்டாமல் ஒருவர் மதிக்கப்படும் இடங்கள் நம் ஊரில் மிகக் குறைவு. வீட்டுக்குள்கூட அப்படி ஓர் இடம் கிடைக்காதவர்கள் ஏராளம். மனச்சோர்வு என்னும் நோய்க்கும், ஒருவர் தன்மேல் வைத்திருக்கும் மதிப்புக்கும் உள்ள உறவைப் பற்றி எண்ணும்போதெல்லாம் என் யோசனை இங்கேதான் வந்து நிற்கிறது. மதிப்பைச் சம்பாதித்துத்தான் ஆக வேண்டும் என்று வீடும் தெருவும் சொல்லி வளர்த்த ஒருவர் சோர்வில் விழும்போது, எழுந்திருக்கும் உரிமையையும் சம்பாதித்துத்தான் பெற வேண்டும் என்று நம்பத் தொடங்கிவிடுகிறார்.

முதலில் துக்கத்தையும் மனச்சோர்வையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் தெரியும். சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது, யாரிடமும் பேசப் பிடிக்காது. சிக்மண்ட் பிராய்ட் 1917-ல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டார். துக்கத்தில் இருப்பவருக்கு உலகம் வெறுமையாகிவிடுகிறது. சோர்வில் இருப்பவருக்குத் தானே வெறுமையாகிவிட்டதாகத் தோன்றுகிறது என்றார். பிராய்ட் சொன்ன பல விஷயங்களைப் பின்னால் வந்தவர்கள் தள்ளிவிட்டார்கள். இந்தக் கோடு மட்டும் அழியவில்லை. நாற்பது வருடம் கூட வாழ்ந்த மனைவியை இழந்த பெரியவர், “அவ இல்லாம வீடு வீடாவே இல்ல” என்பார். அவருடைய துயரம் ஆழமானது. ஆனால் தன்னைப் பற்றி அவர் கெட்டதாக எதுவும் சொல்லவில்லை. மனச்சோர்வில் இருப்பவர் பேசினால் பேச்சு வேறு பக்கம் திரும்புகிறது. “நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?” என்கிறார். இழந்தது தன்னையே என்பதுபோலப் பேசுகிறார்.

நம்மவர்கள் இதை நேரடியாகச் சொல்வதும் அரிது. தலைபாரம், அசதி, நெஞ்சுப் படபடப்பு, ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தால் மறுபடி தூங்க முடியவில்லை என்று உடம்பின் வழியாகத்தான் முதலில் வெளிவரும். பொது மருத்துவரிடம் போவார்கள், சத்து மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். உடம்பைப் பரிசோதிப்பதில் தவறில்லை. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே அசதி வரும். ஆனால் ரத்தப் பரிசோதனை முடிவு சரியாக வந்த பிறகும் அசதி போகவில்லை என்றால், கேட்க வேண்டிய அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை. மருத்துவர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் ஒன்பது கேள்விப் படிவம் ஒன்று உண்டு. அதில் ஒரு கேள்வி, உங்களையோ குடும்பத்தையோ தலைகுனிய வைத்துவிட்டதாக நினைக்கிறீர்களா என்ற பொருளில் வரும். அமெரிக்காவில் உருவான படிவம் அது. இருந்தாலும் ஒன்பதில் அந்த ஒன்று நம் தெருவுக்காகவே எழுதியதுபோல இருக்கிறது.

தன்னைத் தானே தாழ்த்திப் பேசும் இந்தக் குரலைத்தான் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் நுணுக்கமாகக் கவனித்தார். அவர் தொடங்கியது பிராய்டின் கருத்தைச் சரியென்று நிரூபிக்க. நோயாளிகளின் கனவுகளைச் சேகரித்துப் பார்த்தார். உள்ளே அடக்கிவைத்த கோபம் அவற்றில் கிடைக்கும் என்று எதிர்பார்த்தவருக்குக் கிடைத்தவை தோல்வியும் இழப்பும் புறக்கணிப்பும். நோயாளிகள் விழித்திருக்கும்போது என்ன நினைத்தார்களோ அதுவேதான் கனவிலும் வந்தது. தன்னைப் பற்றி, உலகத்தைப் பற்றி, வரப்போகும் நாட்களைப் பற்றி என்று மூன்று பக்கமும் கசப்பான எண்ணங்கள், யோசிக்காமலே, தாமாக ஓடிக்கொண்டிருந்தன. பெக் 1967-ல் எழுதிய நூலிலிருந்து இன்றைய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை வளர்ந்தது. அவரும் அவருடைய சகாக்களும் செய்த சோதனைகளில் ஒன்று எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சோர்வில் இருந்தவர்களுக்குச் சிறு வேலைகள் கொடுத்தார்கள். தங்களால் முடியாது என்றே அவர்கள் நினைத்தார்கள். ஆனால் மற்றவர்களைவிடக் குறைவாகச் செய்யவில்லை. குறைந்திருந்தது திறமை இல்லை. திறமையைப் பற்றிய அவர்களுடைய கணிப்பு.

ஆகவே சோர்வு நாட்களில் ஒருவர் தன்னைப் பற்றி எழுதும் தீர்ப்பைத் தீர்ப்பாக ஏற்கக் கூடாது. அது நோயின் அறிகுறி. காய்ச்சலில் நாக்கு கசக்கிறது என்பதற்காகச் சோறு கசப்பு என்று யாரும் முடிவுகட்டுவதில்லை. வேலையை விடுவது, உறவை முறிப்பது, படிப்பை நிறுத்துவது போன்ற பெரிய முடிவுகளை இந்த நாட்களில் எடுக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதும் இதனால்தான்.

தன்மேல் மதிப்புக் குறைந்ததால் சோர்வு வந்ததா, சோர்வு வந்ததால் மதிப்புக் குறைந்ததா என்று ஆராய்ச்சியாளர்கள் நெடுநாள் வாதாடினார்கள். ஒரு தரப்பு, மதிப்புக் குறைவு சோர்வுக்கு வழி திறக்கிறது என்றது. மற்றொரு தரப்பு, சோர்வுதான் மதிப்பில் தழும்பை விட்டுப்போகிறது என்றது. ஜூலியா சோவிஸ்லோ, உல்ரிச் ஓர்த் என்ற இருவர் 2013-ல், ஒரே மனிதர்களைப் பல காலம் தொடர்ந்து பார்த்த 77 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். இரண்டு வழியும் உண்டு. முதல் வழியின் வலிமை இரண்டாவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று முடிவு வந்தது. அந்த வலிமையும் மிதமானதுதான். பரம்பரை, உடல்நோய், வறுமை, இழப்பு, தனிமை என்று சோர்வுக்கு வேறு வாசல்களும் இருக்கின்றன. தன்னை நன்றாக மதிக்கும் ஒருவருக்கும் மனச்சோர்வு வரும். ஆகவே, “உனக்குத் தன்னம்பிக்கை இல்ல, அதனாலதான் இப்படி” என்று எவரையும் குற்றம்சாட்ட இந்த ஆய்வை எடுத்துக்கொள்ளக் கூடாது. இது நமக்குச் சொல்வது வேறு. ஒருவரின் மதிப்பு எங்கே, யார் கையால் குறைக்கப்படுகிறது என்று முன்கூட்டியே பார்த்துக்கொண்டால், பின்னால் வரும் நோய்களில் சிலவற்றையாவது தடுக்கலாம்.

எங்கே குறைக்கப்படுகிறது? நம் வீடுகளில்தான். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

மந்தைவெளி, மயிலாப்பூர் பக்கத்து வீடுகளில் படிப்புக்கு இருக்கும் மரியாதை சிறப்பானது. அந்த மரியாதையால் உயர்ந்த குடும்பங்கள் எத்தனையோ. ஆனால் அதே மரியாதை பிள்ளையின் தட்டில் சோறு விழும்போதும் கூடவே விழுகிறது. தொண்ணூற்றெட்டு வாங்கியவனிடம் மீதி ரெண்டு எங்கே என்று கேட்கிறோம். கேட்கிறவர் கண்டிப்பாக அன்பு உள்ளவர்தான். பிள்ளையின் காதில் விழுவது வேறு: நீ இவ்வளவு இருந்தால்தான் எங்களுக்கு நீ. பிறகு பொறியியல் கல்லூரி, பிறகு வெளிநாட்டு வேலை, பிறகு கல்யாணம், பிறகு குழந்தை. ஒவ்வொரு படியிலும் அதே கேள்வி வேறு உடையில் வந்து நிற்கிறது. எங்கோ ஒரு படியில் கால் வழுக்கியவனுக்கு, கீழே தன்னைப் பிடிக்க யாரும் இல்லை என்ற நினைப்பு வந்துவிடுகிறது. வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கும் பையனைப் பார்த்து ‘தண்டச்சோறு’ என்று சொல்லாத வீடு எத்தனை? உருப்படாதவன், லாயக்கில்லாதவன், தரித்திரம் என்று கோபத்தில் வாயில் வந்ததைச் சொல்கிறோம். சொன்னவர் மறுநாள் மறந்துவிடுகிறார். கேட்டவர் இருபது வருடம் கழித்து ஒரு ராத்திரியில், தூக்கம் வராமல் படுத்திருக்கும்போது, அதே சொற்களைத் தன் குரலிலேயே தனக்குச் சொல்லிக்கொள்கிறார்.

படிப்பு முடித்தவர்களோடு இது நிற்பதில்லை. முப்பத்தைந்து வருடம் வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ வேலை பார்த்து, நாலு பேர் எழுந்து நின்று வணக்கம் வைத்த மனிதர் ஓய்வு பெறுகிறார். பிள்ளைகள் அமெரிக்காவில். காலையில் பேப்பர் படித்து முடித்த பிறகு நாள் அப்படியே கிடக்கிறது. தன்னைக் கேட்காமலே வீட்டு முடிவுகள் எடுக்கப்படுகின்றன என்று தெரிந்துகொள்ளும்போது, இத்தனை வருடம் மதிக்கப்பட்டது தானா, தன் நாற்காலியா என்ற சந்தேகம் அவருக்கு வருகிறது. அவருடைய மனைவிக்கு அந்தச் சந்தேகம் வந்து பல வருடம் ஆகியிருக்கலாம். சமையலறையில் நின்றே கழிந்த வாழ்க்கைக்கு யாரும் பணிக்கொடை கொடுப்பதில்லை. “வீட்டுல சும்மாதான் இருக்கா” என்ற ஒரு வாக்கியத்தை அந்த அம்மா எத்தனை பேர் வாயில் கேட்டிருப்பார்.

ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடையே செய்த ஆய்வு 1978-ல் நூலாக வந்தது. கடுமையான இழப்பு நேர்ந்த பெண்கள் எல்லோரும் சோர்வில் விழவில்லை. மனம் விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இல்லாதவர்கள், வெளியே வேலை இல்லாதவர்கள், வீட்டில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சிறு குழந்தைகளோடு அடைந்து கிடந்தவர்கள், சிறு வயதிலேயே தாயை இழந்தவர்கள் எளிதாக விழுந்தார்கள். அவர்களுக்கு முன்பே தன்மதிப்பு தேய்ந்திருந்தது. இழப்பு வந்தபோது ஒன்றை இழந்த வேதனை எல்லாவற்றையும் இழந்த வேதனையாகப் பரவிவிட்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். கேம்பர்வெல்லை எடுத்துவிட்டு நம் பகுதிப் பெயரைப் போட்டாலும் அந்த விளக்கம் அந்நியமாகத் தெரியாது.

காசும் இதில் பேசுகிறது. கோபாலபுரத்தில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையத்தினர் சென்னையில் 25,455 பேரிடம் எடுத்த கணக்கை 2009-ல் வெளியிட்டார்கள். 15.1 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். வருமானம் குறைந்தவர்களிடையே 19.3, வருமானம் அதிகமானவர்களிடையே 5.9. விவாகரத்தானவர்களிடமும் கணவனையோ மனைவியையோ இழந்தவர்களிடமும் அளவு இன்னும் ஏறியிருந்தது. இந்த எண்களை வாசிக்கும்போது பட்டினப்பாக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து மந்தைவெளி அடுக்ககங்களுக்கு நாலு வீடு வேலை செய்ய வருகிற பெண்களை நினைத்துக்கொள்கிறேன். தனி டம்ளர், லிப்ட்டில் ஏறக் கூடாது, நாற்காலியில் உட்காரக் கூடாது என்று இன்றும் விதி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. ஒரு மனிதரின் மதிப்பை ஒரு நாளைக்குப் பத்து முறை இப்படிக் குறைத்துவிட்டு, அவர் ஏன் எப்போதும் சோர்ந்தே இருக்கிறார் என்று கேட்பதில் நியாயமில்லை.

தமிழகத்தில் 1925-ல் பெரியார் சுயமரியாதை இயக்கத்தைத் தொடங்கியபோது இந்த உண்மையைத்தான் அரசியலாக்கினார். ஒருவன் தன்னைத் தாழ்ந்தவனாக நினைத்தால் அது அவனுக்கு நூற்றாண்டுகளாகக் கற்பிக்கப்பட்ட பாடம். கற்பித்த ஏற்பாட்டை மாற்றாமல் அவனை மட்டும் நிமிர்ந்து நிற்கச் சொல்வது பயனற்றது என்பது அந்த இயக்கத்தின் உட்கருத்து. மனநல மருத்துவம் தனிமனிதனின் எண்ணங்களில் மட்டும் கவனம் வைக்கும் சமயங்களில், நம் மண்ணில் கிடைத்த இந்த அறிவையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது என்பேன்.

திறமையும் புகழும் இருந்தால் ஒருவர் இதற்கெல்லாம் தப்பிவிடுவார் என்று நினைப்பவர்களுக்கு, நம் ஊரிலேயே வாழ்ந்த ஒருவரின் கதை இருக்கிறது. சீனிவாச ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தோற்று அந்த உதவித்தொகையை இழந்தார். 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். மறுவருடம் சென்னை பச்சையப்பன் கல்லூரி, அங்கேயும் எப்.ஏ. தேர்வில் தேறவில்லை. தன்னுடைய நோட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு பெரிய மனிதர்களின் வாசல்களில் நின்ற வருடங்கள் அவை. 1912-ல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார், 1914-ல் கேம்பிரிட்ஜ் போனார். இதுவரை எல்லோருக்கும் தெரியும். பள்ளி விழாக்களில் சொல்லப்படும் கதை பெரும்பாலும் இங்கேயே வெற்றி என்று முடிந்துவிடுகிறது.

பிறகு நடந்ததைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதில்லை. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. சைவச் சாப்பாட்டுக்குத் தேவையான பொருள்கள் கிடைப்பது கடினம். கடும் குளிர். 1917-ல் உடல்நலம் கெட்டு மருத்துவ விடுதிகளில் தங்கத் தொடங்கினார். வீட்டிலிருந்து கடிதங்கள் குறைந்துபோயின. அவருடைய அம்மாவுக்கும் மனைவிக்கும் இடையே இருந்த பிணக்கு அவரையும் வருத்தியது. அந்த வருடம் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி அவரை ஃபெலோவாகத் தேர்ந்தெடுக்க மறுத்தது. 1918-ன் தொடக்கத்தில் லண்டனில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார்; காப்பாற்றப்பட்டார். உலகத்தின் மிகச் சிறந்த கணித அறிஞர்களில் ஒருவரான ஹார்டி அவரை வெகுவாகப் பாராட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் சான்றிதழ் அவரைத் தாங்கவில்லை. நோயா, தனிமையா, குடும்பத் துயரமா, டிரினிட்டியின் மறுப்பா, எது எவ்வளவு காரணம் என்று இன்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் திறமை என்பது ஒன்று, தன்னை உயிரோடு இருக்கத் தகுந்தவராக உணர்வது இன்னொன்று என்பது மட்டும் தெளிவு. முதலாவது எவ்வளவு இருந்தாலும் இரண்டாவதன் இடத்தை அது நிரப்பாது.

அதே 1918-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அக்டோபரில் டிரினிட்டியும் தேர்ந்தெடுத்தது. அவர் மீண்டும் வேலை செய்தார். 1919-ல் சென்னை திரும்பினார், 1920 ஏப்ரல் 26 அன்று 32 வயதில் காலமானார். கடைசி மாதங்களில் படுக்கையில் இருந்தபடி எழுதியவற்றைக் கணித உலகம் இன்றுவரை ஆராய்ந்துகொண்டிருக்கிறது. அந்த 1918-ன் இருட்டில் தன்னைப் பற்றி அவர் எழுதிக்கொண்ட தீர்ப்பு எவ்வளவு தவறானது என்பதற்கு அந்தத் தாள்களே சாட்சி. தேர்வில் தோற்ற பிள்ளைகளிடம் ராமானுஜனும் தோற்றவர்தான் என்று சொல்கிறோம். அவர் மனம் உடைந்தவர், மீண்டவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சரி, மதிப்புக் குறைந்துபோனால் அதைக் கூட்டிவிட்டால் ஆயிற்று என்று நினைப்பது இயல்பு. கலிபோர்னியா அரசாங்கமே அப்படி நினைத்தது. 1986-ல் மக்களின் தன்மதிப்பை வளர்க்க ஒரு பணிக்குழு அமைத்தார்கள். பள்ளிகளில் பிள்ளைகளைப் புகழ்ந்து தள்ளினார்கள். ராய் பாமைஸ்டரும் அவருடைய சகாக்களும் 2003-ல் ஆதாரங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, வாயால் உயர்த்தப்பட்ட மதிப்பு படிப்பையோ நடத்தையையோ பெரிதாக மாற்றியதற்குச் சான்று கிடைக்கவில்லை. இதைவிட முக்கியமானது கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து ஜோஆன் வுட் 2009-ல் வெளியிட்ட ஆய்வு. நான் அன்புக்குரியவர் என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைத் தனக்குத் தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளும்படி கேட்டபோது, ஏற்கெனவே தன்மதிப்பு நிறைந்தவர்களுக்குச் சிறிது நன்மை கிடைத்தது. குறைந்தவர்கள் முன்பைவிடத் தாழ்ந்தே உணர்ந்தார்கள். சொல்லச் சொல்ல உள்ளிருந்து மறுப்பு எழுந்திருக்கிறது. கண்ணாடி முன் நின்று நான் வெற்றியாளன் என்று தினமும் சொல்லுங்கள் என்று அறிவுரை வழங்கும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். யாருக்கு மருந்து தேவையோ அவரையே அது காயப்படுத்துகிறது.

உறவினர்கள் கொடுக்கும் மருந்தும் பெரும்பாலும் இதே ரகம். “உனக்கு என்னம்மா குறை? நல்ல புருஷன், சொந்த வீடு, ரெண்டு குழந்தைங்க.” குறை இல்லை என்பது அந்தப் பெண்ணுக்கும் தெரியும். இவ்வளவு இருந்தும் எழுந்திருக்க முடியவில்லையே, அப்படியானால் கோளாறு நான்தான் என்று அவர் இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறார். நல்லெண்ணத்தில் சொன்ன ஆறுதல் குற்றச்சாட்டாகப் போய்ச் சேர்கிறது.

எது உதவுகிறது என்பதற்கு நல்ல சான்று நம் நாட்டிலேயே கிடைத்திருக்கிறது. விக்ரம் படேலும் அவருடைய சகாக்களும் கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வு கொண்ட 495 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். மருத்துவப் படிப்போ உளவியல் படிப்போ இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களை நோயாளிகளோடு ஆறிலிருந்து எட்டு முறை பேசவைத்தார்கள். பேச்சின் மையம், விட்டுப்போன சிறு காரியங்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்யத் தொடங்குவது. மூன்று மாதத்தில் அவர்களில் 64 விழுக்காட்டினர் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள்; வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காட்டினர்தான் மீண்டார்கள். இதன் ஆய்வறிக்கை 2017-ல் லான்செட் இதழில் அச்சானது. இங்கே யாரும் நீ உயர்ந்தவன் என்று ஓதவில்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தார், கேட்டார், இன்றைக்கு என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசித்தார். மதிப்பு வரட்டும், பிறகு எழுந்திருக்கிறேன் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். குளித்து, வேட்டியை மாற்றிக்கொண்டு, தெருமுனை வரை நடந்து ஒரு கட்டுக் கீரை வாங்கி வந்தால், அன்றைக்கு அதுவே போதும். மதிப்பு அதன் பின்னால் மெதுவாக வரும்.

மருந்து வேண்டியவர்களுக்கு மருந்து கட்டாயம் வேண்டும். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். நாலு நாளில் பலன் தெரியவில்லை என்று விடுவதும், தேறிவிட்டோம் என்று மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மாத்திரை எடுத்துக்கொள்வதைத் தன் பலவீனத்தின் அடையாளமாக நினைக்கிறவர்கள் நிறைய. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கும்போது வராத வெட்கம் இதற்கு மட்டும் வருவானேன்? 2015-16-ல் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மருத்துவ நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாடும் சேர்ந்த 12 மாநிலங்களில், மனச்சோர்வு உள்ளவர்களில் 85 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்று தெரியவந்தது. மருத்துவர் பற்றாக்குறை ஒரு காரணம். எனக்குச் சிகிச்சைக்கு என்ன தகுதி, என்னால் வீட்டுக்கு வீண் செலவு என்று நோயே நோயாளியிடம் சொல்லிக்கொண்டிருப்பதும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சட்டம் இந்த விஷயத்தில் சமூகத்தைவிட முன்னே நடந்திருக்கிறது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, தண்டிக்காமல் சிகிச்சை அளிக்கச் சொல்கிறது. உடல்நோய்க்குக் கிடைப்பதுபோல மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது. அதே 2017-ல் தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது. தோற்றவர்கள் அதே வருடம் துணைத்தேர்வு எழுதி மேலே படிக்கலாம். ஒரு தோல்விக்காக ஒரு வருடத்தை இழக்க வேண்டியதில்லை. அரசாங்கம் ரேங்க் பட்டியலை நிறுத்திவிட்டது. வீடுகள் நிறுத்தவில்லை. தேர்வு முடிவு வந்த மத்தியானமே பெரியப்பா வீட்டிலிருந்து போன் வருகிறது, எத்தனை மார்க் என்று.

பெற்றோரிடம் நான் கேட்பது அதிகமில்லை. பிள்ளை தோற்று வந்த நாளில் அவனுக்குப் பிடித்த சாப்பாட்டைச் சமையுங்கள். கண்டிப்பும் திருத்தமும் இன்னொரு நாளைக்கு இருக்கட்டும். வேலையை இழந்து வந்த மகனிடம், அடுத்து என்ன என்று கேட்கும் முன், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அப்பாவின் ஓய்வூதியக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் மகள், வீட்டு விஷயத்தில் ஒன்றிரண்டு முடிவுகளையாவது அவரிடம் உண்மையிலேயே விட்டுவிடட்டும். வேலைக்கு வரும் அம்மாவை உட்காரச் சொல்லி, எல்லோரும் குடிக்கும் டம்ளரில் காப்பி கொடுங்கள். இவை மருத்துவம் ஆகா. மருத்துவம் தேவைப்படும் நாளில் அவர் தயங்காமல் வாய் திறக்க இவை வேண்டும்.

வீட்டில் ஒருவர் வழக்கத்துக்கு மாறாக ஒதுங்கினால், தான் பாரமாக இருப்பதாகச் சொன்னால், தன் பொருள்களை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினால், காத்திருக்காதீர்கள். சாக எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பெரும்பாலும் கேட்கப்பட்டவருக்கு ஆறுதலே கிடைக்கிறது. பதில் ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் கூடவே இருந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இதைப் படிக்கும் உங்களுக்கே இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமல், உங்களைப் பற்றிய கசப்பே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தால், அதை உங்கள் குணம் என்று எடுத்துக்கொள்ளாமல் நோய் என்று எடுத்துக்கொண்டு இன்றே யாரிடமாவது சொல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது. எண் 14416. இரவும் பகலும் பேசலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள்.